கலைமணி போட்ட பூட்டு

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகிற சாலையில் ஒரு மாங்கூழ் கம்பெனி இருக்கிறது. மாம்பழ சீசன் வந்துவிட்டால் அதன் கேட்டுக்கு வெளியே டெம்போக்களும் டிராக்டர்களும் வரிசை கட்டி நிற்கும். வைக்கோல் பரப்பி அடுக்கிய பெங்களூராப் பழங்கள் வெயிலில் கிடக்க, கொண்டுவந்தவர்கள் வண்டி நிழலில் துண்டை விரித்துக் காத்திருப்பார்கள். அந்த வரிசையில் ராஜப்பனும் வருஷா வருஷம் நிற்பார். அவருடைய மகள் கலைமணி அந்தக் கம்பெனிக்குள்ளேதான் வேலை செய்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். “பொண்ணு உள்ள இருந்தும் நீ எங்களாட்டம் வெயில்லதான் காயற” என்று கேலி செய்வார்கள். ராஜப்பன் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். அப்பாவுக்காக ஒரு வண்டியைக்கூட முந்த விடமாட்டேன் என்று கலைமணி முதல் சீசனிலேயே சொல்லிவிட்டாள். அவருக்கும் அது சரியென்றுதான் பட்டது.

கலைமணி தருமபுரியில் ஐ.டி.ஐ. படித்தவள். ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தபோது அந்த வகுப்பில் வேறு பெண்ணே இல்லை. கம்பெனியில் சேர்ந்து, கூழ் நிரப்பும் இடத்தில் கொஞ்ச காலம் நின்று, பிறகு கம்ப்ரசர் அறைக்கு வந்தாள். இப்போது பகல் ஷிஃப்டில் அந்த அறை அவள் பொறுப்பு. காற்றை உறிஞ்சி அழுத்திக் குழாய்களில் அனுப்புகிற மெஷின் அது. பழம் கழுவுகிற தொட்டியிலிருந்து கூழைப் பையில் அடைக்கிற இடம் வரைக்கும் திறந்து மூடுகிற வால்வுகள் எல்லாம் அந்தக் காற்றில்தான் வேலை செய்கின்றன. காற்று நின்றால் கம்பெனியே நின்றுபோகும்.

பழைய கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு, சீசனுக்கு முன்னால் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் பக்கத்துச் சுவரில் சிம் கார்டு போட்ட சின்னப் பெட்டி ஒன்று. மெஷினின் சூடு, காற்றின் அழுத்தம் எல்லாவற்றையும் அந்தப் பெட்டி மேனேஜருக்கும் அந்த மெஷினைக் கவனிக்கிறவர்களுக்கும் செல்போனில் அனுப்பிக்கொண்டே இருக்கும். போனிலிருந்தே மெஷினை ஓடவிடலாம், நிறுத்தலாம். கம்பெனி மேனேஜர் குருவுக்கு அதில் பெரிய சந்தோஷம். மறுநாள் காலை தருமபுரியில் தன் வீட்டில் காபி குடித்துக்கொண்டே போனைத் தொட்டார். இங்கே மெஷின் உறுமிக் கிளம்பியது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கலைமணி கைதட்டவில்லை. மெஷினைப் பொருத்த வந்திருந்த இன்ஜினியரிடம் அவள் ஒன்று கேட்டாள். “சார் வூட்ல இருந்து ஸ்டார்ட் பண்றப்ப, மெஷினுக்குள்ள யார் கையாவது இருக்குதான்னு இந்தப் பெட்டிக்குத் தெரியுங்களா?”

தெரியாது என்றார் அவர். நல்ல கேள்வி என்றும் சொன்னார். அதனால்தான் வேலை செய்கிற ஆள் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் கையால் பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது; வெளியிலிருந்து ஓடவிடுவதற்கு முன்னால் அலறுகிற மாதிரி ஒரு ஹாரனும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். குருவும் தலையாட்டினார். ஆனால் சீசன் நெருங்க நெருங்க ஆயிரம் வேலை. ஹாரன் வரவேயில்லை. பூட்டுக்கும் கலைமணி ஸ்டோருக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு பூட்டு வந்தது. ஆளுக்கொன்று வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். இப்போதைக்கு ஒன்று போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அந்தச் சாவியை அடையாள அட்டைக் கயிற்றிலேயே கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வெளியாட்கள் தாண்டக் கூடாது என்று அறை வாசலில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு ஒன்றும் போட்டு வைத்தாள்.

சம்பவம் நடந்த அன்று வரிசை வெகுதூரம் நீண்டிருந்தது. ராஜப்பனின் டெம்போவுக்கு முன்னால் இன்னும் சில வண்டிகள்தான் பாக்கி. மதியச் சாப்பாடு முடிந்து கலைமணி கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் போன் கத்தியது. மெஷினின் சூடு ஏறுகிறது என்றது செய்தி. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் இன்னும் ஏறிவிட்டது. மெஷினின் சத்தமே மாறியிருந்தது. மூச்சு முட்டுகிற மாட்டைப் போல இழுத்து இழுத்து ஓடியது. அதுவாக நின்றுபோகும் வரை அவள் காத்திருக்கவில்லை. தானே நிறுத்தினாள். மெயின் சுவிட்சை அணைத்தாள். சிவப்புப் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். ‘ஆள் வேலை செய்கிறார், ஓட்டாதீர்’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டாள். பிறகு குருவுக்குப் போன் செய்தாள்.

குரு அன்று தருமபுரியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். மெஷினை நிறுத்தியிருப்பதாகவும், உள்ளே பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகவும் கலைமணி சொன்னாள். கூட்டத்தில் இருந்ததால் அவர் மெல்லிய குரலில், சீக்கிரம் பாரும்மா, வெளியே வண்டிகள் நிற்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மெஷினைத் திறக்க ஃபிட்டர் அருள்குமார் வந்தார். கலைமணியைவிட வயதில் மூத்தவர், வேகமான வேலைக்காரர். அவர் மனைவி சசிகலாவும் அதே கம்பெனியில் பழம் பிரிக்கிற இடத்தில் இருக்கிறாள். வரும்போதே அருள்குமார் கேட்டில் கூச்சலைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். எண்ணெய் குறைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே எண்ணெய்த் தொட்டியின் மூடியில் ஸ்பானரை வைத்தார்.

“அண்ணா, இருங்க” என்றாள் கலைமணி.

காற்றெல்லாம் இறங்கிவிட்டது, பூஜ்யம் காட்டுகிறது என்று அவர் போனைக் காட்டினார். உண்மைதான். போனில் அழுத்தம் பூஜ்யம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டி அளப்பது வெளியே போகிற குழாயின் காற்றை. எண்ணெய்த் தொட்டிக்குள் அடைபட்டிருக்கும் காற்று அதற்குத் தெரியாது. கலைமணி குனிந்து தொட்டியின் மேலேயே பொருத்தியிருந்த மீட்டரைக் காட்டினாள். அதில் முள் இன்னும் இறங்காமல் நின்றது. தானாகக் காற்றை வெளியேற்ற வேண்டிய வால்வு சிக்கியிருந்தது. மூடியைத் திருகியிருந்தால், கொதிக்கிற எண்ணெய் அருள்குமாரின் முகத்தில் அடித்திருக்கும்.

அவர் ஸ்பானரை எடுத்துவிட்டார். கலைமணி தள்ளி நின்று கையால் திறக்கிற வால்வை மெதுவாகத் திறந்தாள். சீறிக்கொண்டு காற்று போனது. முள் அடியில் போய்ப் படுக்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்தார்கள். எண்ணெய் சரியாகவே இருந்தது.

அப்படியானால் சூடு ஏறியதற்குக் காரணம் வேறு. பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் தெரிந்தது. எண்ணெயைக் குளிரவைக்கிற ரேடியேட்டர் முழுக்க வைக்கோல் தூசு. வண்டிகளிலிருந்து பறந்து வந்தது. அதோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள், வண்டி மேலே மூடுகிற தாளின் கிழிசல், உள்ளே இழுக்கப்பட்டு மின்விசிறியின் இறக்கைகளில் சுற்றிக் கிடந்தது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்யும் வேலையைக் கலைமணி எடுத்துக்கொண்டாள். அருள்குமார் விசிறிக் கூண்டுக்குள் தோள் வரை கையை விட்டுத் தாளைப் பிய்த்து எடுக்க ஆரம்பித்தார்.

வெளியே பொறுமை போய்க்கொண்டிருந்தது. அடியில் இருக்கிற பழம் நசுங்கிவிடும், யார் பதில் சொல்வார்கள் என்று கத்தினார்கள். காவலாளியால் சமாளிக்க முடியவில்லை. மெஷினை நிறுத்தி வைத்திருப்பது ராஜப்பனின் மகள்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எல்லாருமாக அவரைப் பிடித்துக்கொண்டார்கள். போய் உன் பெண்ணிடம் கேட்டு வா, கொஞ்ச நேரம் ஓட்டச் சொல், எங்கள் வண்டியாவது காலியாகட்டும் என்றார்கள். ராஜப்பனுக்குப் போக மனமில்லை. ஆனாலும் அவருடைய பழமும் வெயிலில்தான் கிடந்தது. காவலாளி கேட்டைத் திறந்துவிட, அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்ரசர் அறையைத் தேடிப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் மகள் வேலை செய்கிற இடத்தைப் பார்த்ததில்லை.

கலைமணி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். நீலச் சட்டை, முழங்கை வரை கருப்பு எண்ணெய், தலையில் தொப்பி. முதலில் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. “பாப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தார்.

“அப்பா, அந்த மஞ்சக் கோட்டத் தாண்டாதீங்க” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

ராஜப்பன் அப்படியே நின்றுவிட்டார். வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்லாரும் கேட்கிறார்கள், கொஞ்ச நேரமாவது ஓட்டினால் என்ன என்றார். இந்த வேலை முடிகிறவரை ஓட்ட முடியாது, கத்துகிறவர்களிடம் தன் பெயரைச் சொல்லியே சொல்லிவிடலாம் என்று கலைமணி பதில் சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வீட்டில் அவளிடம் கேட்டறியாத குரலாக இருந்தது அது. அவர் திரும்பப் போகாமல் கோட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. சுவரில் இருந்த சின்னப் பெட்டி தனி பேட்டரியில் ஓடுவது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது விழித்திருக்கும். அதில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்து படபடவென்று அடித்துக்கொண்டது. கலைமணியின் பையில் போன் கத்தியது. அவள் விரல் நுனியால் எடுத்துப் பார்த்தாள். திரையில் ஒரு செய்தி: மெஷினை ஓடவிட உத்தரவு வந்திருக்கிறது, அனுப்பியவர் குரு, மெஷின் பதில் தரவில்லை.

அருள்குமாரின் கை அப்போதும் விசிறிக்குள்தான் இருந்தது.

“அண்ணா, கைய வெளிய எடுங்க. அவசரமில்ல, மெதுவா எடுங்க” என்றாள் கலைமணி.

அவர் எடுத்தார். என்ன என்று கேட்டார். அவள் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் படித்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், மெயின் சுவிட்சில் தொங்கிய சிவப்புப் பூட்டைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் வலது கையை இடது கையால் பிடித்து, மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிக்கொண்டார்.

கலைமணி முதலில் செய்தது, குருவைக் கூப்பிட்டதுதான். “சார், அருள் அண்ணன் கை ஃபேனுக்குள்ள இருந்துச்சுங்க. மெயின அணச்சுப் பூட்டியிருந்ததால ஓடல. போனத் தொடாதீங்க சார். நான் கூப்புடற வரைக்கும் தொடாதீங்க.”  மறுபக்கம், இதோ வருகிறேன் என்று மட்டும் கேட்டது.

ராஜப்பனுக்கு ஏதோ பெரிதாக நடந்து முடிந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது. என்னவென்று அருள்குமாரிடம் கேட்டார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் சொன்னார். மேனேஜர் தருமபுரியிலிருந்து போனில் மெஷினை ஓட்டப் பார்த்தது, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டாமல் இருந்திருந்தால் விசிறி சுற்றியிருக்கும் என்பது, சற்று முன்பு கொதிக்கிற எண்ணெயிலிருந்தும் அவள்தான் தடுத்தாள் என்பது வரை. சொல்லி முடித்துவிட்டு, “இன்னிக்கி உங்க பொண்ணு இல்லன்னா, நான் ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனுங்க” என்றார்.

ராஜப்பன் மகளைப் பார்த்தார். அவள் ரேடியேட்டர் பக்கம் திரும்பி மறுபடி வேலையைத் தொடங்கியிருந்தாள்.  வேலையில் இருப்பவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவருக்குப் பட்டது. நேராகக் கேட்டுக்கு நடந்தார்.

அங்கே எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். ஓட்டச் சொன்னாயா என்றார்கள். ராஜப்பன் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர் அல்ல. ஆனால் அன்று டெம்போவின் படியில் ஏறி நின்றார். “ஓட்டச் சொல்லலீங்க. ஓட்டவும் மாட்டாங்க. உள்ள ஒரு மனுசன் கைய வுட்டு வேல செய்யறாரு. அந்தக் கைக்கு எம் பொண்ணு பூட்டுப் போட்டுக் காவல் இருக்குறா. நம்ம பழம் அழுகுனா அடுத்த வருசம் காய்க்கும்” என்றார். பின்னால் இருந்து ஒருவர் ஏதோ முனகினார். மற்றவர்கள் அவரை அடக்கினார்கள். கூச்சல் மெல்லத் தணிந்தது. யாரோ ஒருவர் தண்ணீர்க் கேனை இறக்கி எல்லாருக்கும் ஊற்றினார். தாளால் மூடிய வண்டிகள் சிலவற்றை அவர்களே வேப்ப மரத்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

செய்தி பழம் பிரிக்கிற இடத்துக்கும் போயிருந்தது. சசிகலா கையுறையைக்கூடக் கழற்றாமல் கம்ப்ரசர் அறைக்கு ஓடிவந்தாள். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று முதலில் புருஷனின் கைகளைப் பார்த்தாள். பிறகு அந்த விசிறியையே வெகுநேரம் பார்த்தாள். கலைமணி எழுந்து வெளியே வந்தபோது, எண்ணெய் ஒட்டிய அவள் கையைச் சசிகலா தன் இரண்டு கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள்.   பிறகு கையுறையில் ஒட்டிய எண்ணெயோடு தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தாளை முழுவதும் எடுத்து, சிக்கியிருந்த வால்வைக் கழற்றி மாட்டி முடிக்கிற நேரத்தில் குருவின் கார் வந்து நின்றது. அவர் ஓடிவந்தார். கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிறவர் போலத் தயங்கி நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார்.  நேராக அருள்குமாரிடம் போய் அவர் கையைப் பிடித்து, மன்னித்துக்கொள்ளும்படி கேட்டார். அருள்குமாருக்குக் கூச்சமாகிவிட்டது.

பிறகு நடந்ததை அவரே சொன்னார். வண்டிக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள் என்று காவலாளி திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறார். போனைத் திறந்து பார்த்தால், சூடு இறங்கிவிட்டது, கோளாறு இல்லை, ஓடத் தயார் என்று காட்டியிருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்திருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று கலைமணியைக் கூப்பிட்டார். அவள் கையில் எண்ணெயோடு இருந்ததால் எடுக்கவில்லை. சரி, நாமே ஓடவிடுவோம் என்று தொட்டுவிட்டார்.

“ரெடின்னு காட்டுச்சும்மா” என்றார்.

“மெஷின்தான் சார் ரெடி. நாங்க ரெடியாகல” என்றாள் கலைமணி. “அத நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும். இனிமே வெளிய இருந்து ஓட்டறது வேணாங்க. போன்ல பாருங்க, எவ்வளவு வேணா பாருங்க. இன்னிக்கி சூடு ஏறுனத மொதல்ல சொன்னதே அந்தப் பெட்டிதான். ஸ்டார்ட் மட்டும் இங்க நிக்கற ஆள் பண்ணட்டும்.”

 குரு அவள் முன்னாலேயே இன்ஜினியரைக் கூப்பிட்டு, போனிலிருந்து ஓடவிடுகிற வசதியை மூடச் சொன்னார். சற்று நேரத்தில் திரையிலிருந்து அந்தப் பொத்தானே காணாமல் போனது. பின்பக்கத் தகட்டை மாட்டாமல் ஓட்டிப் பார்க்கலாமா என்று வாயெடுத்தவர், தானே நிறுத்திக்கொண்டு, உன் சௌகரியம்போலச் செய் என்றார். ஆளுக்கொரு பூட்டும் ஹாரனும் அந்த வாரமே வாங்கச் சொல்லி ஸ்டோருக்குப் போன் செய்தார். பிறகு அவரே கேட்டுக்குப் போய், மெஷின் ஏன் நின்றது, தன்னால் என்ன ஆகியிருக்கும் என்று மறைக்காமல் வண்டிக்காரர்களிடம் சொன்னார். அது கலைமணிக்குப் பிடித்திருந்தது.

தகடுகளையெல்லாம் மாட்டி, கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைத்து, ஆட்களை எல்லாம் கோட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு, கலைமணி பூட்டைத் திறந்தாள். மெஷினைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். “ஓட்டப் போறேன்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பொத்தானை அழுத்தினாள். மெஷின் சீரான குரலில் ஓடத் தொடங்கியது. மீட்டரில் முள் நிதானமாக ஏறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. உள்ளே வால்வுகள் ஒவ்வொன்றாக டப் டப்பென்று உயிர் பெற்றன. கேட்டில் முதல் வண்டி நகர்ந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை நாளும் காற்று நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று நினைத்திருந்தாள். இன்று நிறுத்தி வைத்ததற்காகத்தான் நெஞ்சு நிறைந்திருந்தது. அருள்குமார் போகும்போது, தன் பூட்டு வந்ததும் அதில் தன் பெயரை எழுதித் தரும்படி கேட்டுவிட்டுப் போனார்.

ராஜப்பனின் முறை சாயங்காலம் வந்தது. அடியில் இருந்த பழங்கள் கொஞ்சம் நசுங்கியிருந்தன. பிரிக்கிறவர்கள் அவற்றை ஒதுக்கினார்கள். அவர் மீதியை எடை போட்டு இறக்கினார். ஷிஃப்ட் முடிந்து வந்த மகளை, பஸ்ஸுக்குப் போக வேண்டாம் என்று காலி டெம்போவில் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். அவள் உடுப்பு மாற்றக்கூடத் தெம்பில்லாமல் எண்ணெய்ச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தாள்.

மாரண்டஹள்ளி கடைவீதியில் தக்காளி மண்டிக்கு எதிரே அவர் வண்டியை நிறுத்தி, இரண்டு டீ வாங்கிவந்தார். கடையில் இருந்த தெரிந்தவர் ஒருவர் கலைமணியின் சட்டையைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று விசாரித்தார். அவள் வாய் திறப்பதற்குள் ராஜப்பன் தொடங்கிவிட்டார். கம்ப்ரசர் என்றால் என்ன, அதற்குள் விசிறி எங்கே இருக்கிறது, போனில் எப்படி ஓட்டுகிறார்கள், ஏன் ஓட்டக் கூடாது என்று, அரைகுறையாகத் தெரிந்துகொண்டதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இடையிடையே தப்பாகவும் சொன்னார். கலைமணி திருத்தவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டி மறுபடி கிளம்பியது. ஊர் எல்லை தெரிந்தபோது அவர் சொன்னார்:

“வூட்டுக்குப் போனதும் உங்கம்மாகிட்ட நீ ஒன்னும் சொல்லாத பாப்பா. நான் சொல்றேன். நீ சொன்னா, ரெண்டு வார்த்தையில முடிச்சுருவ.”